டேப்புக்குள் பதுங்கும் சூடு

அயர்ன் பாக்ஸ் ஒயர் அறுந்துபோனால் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். அறுந்த இடத்தை வெட்டி, பிளேடால் மேல்தோலைச் சீவி, செம்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றிவிடுவார்கள். பெட்டி மறுபடி சூடாகும். வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வோம். டேப் கரண்ட் வெளியே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் முறுக்கு எப்படிப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி போதும், அந்த முறுக்குக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

24 இழைகள்

0.75 சதுர மி.மீ. ஒயரின் ஒரு கம்பியில் பொதுவாக 24 செம்பு இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. தடிமன். வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி நூல் நூலாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் சட்டை தேய்க்கும்போது, ஒயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்துப் பகுதி மட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்குகிறது. உலோகம் சோர்ந்துபோய் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே 20 இழைகள் போய்விட்டால், மிச்சமுள்ள 4 இழைகள்தான் மொத்தக் கரண்டையும் சுமக்கும். “ஒயரை இப்படிப் பிடிச்சா லைட் எரியுது, விட்டா அணைஞ்சுடுது” என்று சொல்கிறோமே, அது இந்தக் கட்டத்தில்தான்.

1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை மீட்டர் நல்ல ஒயரில், போக வர இரண்டு கம்பிகளையும் சேர்த்தால் மின்தடை 0.07 ஓம்தான். அதில் உண்டாகும் வெப்பம் முழு நீளத்துக்கும் சேர்த்தே 1.3 வாட். கையில் தொட்டால்கூடத் தெரியாது.

இப்போது முறுக்கிய இணைப்புக்கு வருவோம். இழைகள் ஒன்றையொன்று சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. அங்கே அரை ஓம் மின்தடை இருந்தாலே ஒரு சென்டிமீட்டர் இடத்துக்குள் 9 வாட் வெப்பம் பிறக்கும். சூட்டில் செம்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுக்கும். ஆக்ஸைடு படிந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். 1.4 ஓம் வந்துவிட்டால் 25 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் இருக்கிறதே, அதுவும் 25 வாட்தான்! அந்தச் சூட்டை ஒரு பிவிசி டேப்புக்குள் பொதிந்து, துணிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை?

“ஏதாவது ஆச்சுன்னா எம்.சி.பி. விழுந்துடும்” என்பது பலருக்கு இருக்கும் தைரியம். எம்.சி.பி. பார்ப்பது அளவுக்கு மீறிய கரண்டை. நம் இணைப்பில் மின்தடை கூடியிருப்பதால் கரண்ட் 4.35 ஆம்பியரிலிருந்து 4.24 ஆகக் குறைந்திருக்கிறதே தவிர, கூடவில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ள வழியே இல்லை. கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் இது தெரியாது. போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறதா என்று மட்டுமே அது பார்க்கும். இங்கே கசிவு ஏதும் இல்லை, சூடு மட்டும்தான். அதைக் கண்டுபிடிக்க நம் மூக்கும் கையும்தான் கருவிகள். பிளாஸ்டிக் தீயும் வாடை, நிறம் மாறிய டேப், சூடான பிளக் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அந்த ஒயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

பச்சை ஒயரை வெட்டாதீர்கள்

டேப் சுற்றி ஓட்டுவதைவிட மோசமான பழக்கம், மூன்று ஒயரில் பச்சை நிற எர்த்தை வெட்டிவிட்டு டூ பின் மாட்டுவது. உள்ளே பேஸ் ஒயர் உரிந்து உலோக உடலைத் தொட்டால், எர்த் இருக்கும் வீட்டில் பெரிய கரண்ட் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். எர்த் இல்லையென்றால் எதுவும் நடக்காது. பெட்டியின் உடம்பில் 230 வோல்ட் அப்படியே நிற்கும், யாராவது தொடும்வரை. ஈரக் கையோடு தொடுகிறவரின் உடல் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 மில்லி ஆம்பியர் பாயும். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிப்போவதற்கு 10 முதல் 16 மில்லி ஆம்பியரே போதும் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து காட்டினார். 30 மில்லி ஆம்பியர் கசிவில் ஆர்.சி.சி.பி. விழ வேண்டும் என்று வைத்திருப்பது இத்தகைய கணக்குகளால்தான். மூன்று பின்களில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதும் காரணத்தோடுதான்: செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும்.

மாற்றும் முறை

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் இருக்கும். அணைத்த பிறகும் பேஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கண் பார்வையில் வைத்துக்கொண்டு, பெட்டி ஆறிய பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

ஒயர் பிளக்குக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால், கெட்ட நுனியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புதிதாக பிளக் டாப்பில் மாட்டலாம். நடுவில் அறுந்திருந்தால் முழு ஒயரையும் மாற்றுவதுதான் சரி. அயர்ன் பாக்ஸுக்கு நூல் பின்னிய மேலுறை உள்ள ஒயரையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பிவிசி 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும். பருத்தித் துணிக்கு வைக்கும்போது தகடு 200 டிகிரியைத் தொடும்.

பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய ஒயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. தோலைச் சீவும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கி, ஸ்க்ரூ திரும்பும் திசையிலேயே வளைத்து வைத்தால் இறுக்கும்போது உள்ளே இழுபடும். எதிர்த்திசையில் வைத்தால் பிதுங்கி வெளியே வரும். ஸ்க்ரூவுக்கு அடியில் போகும் நுனிக்கு ஈயம் பூச வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, சில மாதங்களில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். டாப்புக்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தாலும் அது கடைசியில்தான் அறும். மேலுறையோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை மறக்கக் கூடாது. இழுவை அதன் மேல் விழ வேண்டும், ஸ்க்ரூவின் மேல் அல்ல.

மாட்டியதும் பாயின்ட்டில் செருகிப் பார்க்காதீர்கள். முதலில் மல்டிமீட்டர். அயர்ன் பாக்ஸின் டயலைச் சூட்டில் திருப்பி வைத்து, பேஸ், நியூட்ரல் பின்களுக்கு இடையே அளந்தால் 1,000 வாட் பெட்டி 53 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். எர்த் பின்னுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம். மற்ற இரு பின்களில் எதற்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பத்து நிமிடம் தேய்த்துவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால், டாப்பில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அல்லது புதிய ஒயரைச் செருகிய பழைய சாக்கெட்டின் பிடி விட்டுப்போயிருக்கிறது. அப்படியானால் அடுத்து மாற்ற வேண்டியது அந்தச் சாக்கெட்டைத்தான்.