வெப்பப் புள்ளி குறைந்தால் புகை குறையுமா?



2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதப் புகைமூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல இடங்களில் பள்ளிகளை மூடினார்கள். காலையில் பெரட்டுக்குப் போகும்போது எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த நாள்களில் ஒரு காலை, எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி இளைப்பு நோய் உள்ள நாலு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். "டிரசர், இன்னிக்கு எப்படி இருக்கும்? பையன் நாலு நாளா வீட்டுக்குள்ளேயே கெடந்து அழுவுறான்" என்று கேட்டாள்.

நான் கைத்தொலைபேசியில் தீப்புள்ளிப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதற்கு முந்திய நாள் சுமத்ராவில் எங்கு பார்த்தாலும் சிவப்புப் புள்ளி. அன்றைக்கோ விரல்விட்டு எண்ணிவிடலாம். "குறைஞ்சிருச்சும்மா, சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளியே விடு" என்றேன்.

இரவு எட்டரை மணிக்குப் பையனை மறுபடியும் தூக்கி வந்தார்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போனது. நெபுலைசர் வைத்து, வண்டி பிடித்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். நாலு நாள் அங்கே இருந்து பிழைத்து வந்தான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் படத்தைப் படிக்கத் தெரியாமல் வாயை விட்டவன் நான்தான். அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்புப் புள்ளி எப்படி வருகிறது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். இப்போது உங்களில் பாதிப் பேர் கையில் அதே படம் இருக்கிறது.

2020இல் கோவிட் வந்தபோது, பெரட்டுக் களத்தில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உடம்பைத் தொடாமலே அது எப்படிச் சூட்டைச் சொல்லியது? சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெப்பக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. கருவி அந்தக் கதிரைப் பிடித்து அளக்கிறது. செயற்கைக்கோள் செய்வதும் இதே வேலைதான். கருவிக்கும் நெற்றிக்கும் நாலு விரல் தூரம். செயற்கைக்கோளுக்கும் காட்டுக்கும் 700, 800 கிலோமீட்டர் தூரம். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெப்பக் கதிர் எல்லாம் ஒரே வகை அல்ல. மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சாதாரணச் சூட்டில் இருக்கும் மண், இலை, நம் உடம்பு எல்லாம் 10 மைக்ரானை ஒட்டிய கதிரைத்தான் அதிகமாக வீசும். 500 பாகைக்கு மேல் எரியும் நெருப்போ 4 மைக்ரானுக்குப் பக்கத்தில் உள்ள கதிரைக் கொட்டும். அந்த 4 மைக்ரான் கதிரை மட்டும் எடுத்துப் பார்த்தால், நெருப்பு பக்கத்துத் தரையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீசுகிறது. ஆகவே செயற்கைக்கோளில் இரண்டு கண் வைத்திருக்கிறார்கள். ஒன்று 4 மைக்ரானைப் பார்க்கும், இன்னொன்று 11 மைக்ரானை ஒட்டிப் பார்க்கும். முதல் கண்ணில் மட்டும் ஓர் இடம் துள்ளி நின்றால் அங்கே தீ என்று கணினி சந்தேகப்படும்.

சந்தேகம்தான், உடனே முடிவு இல்லை. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன் நெற்றியும் சுடும். பக்கத்தில் நிற்கிற பத்துப் பேர் நெற்றியையும் பார்த்தால்தான் காய்ச்சல் யாருக்கு என்று தெரியும். கணினியும் அப்படியே சுற்றியுள்ள கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் புள்ளி வைக்கிறது. அப்படியும் சில தடவை ஏமாறும். மதிய வெயிலில் கொதிக்கும் வெறுந்தரை, பெரிய தகரக் கூரை, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி, எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயு, இவையும் புள்ளியாக விழுவதுண்டு.

கட்டம் என்றேனே, அது எவ்வளவு பெரிது? அமெரிக்காவின் டெரா, அக்குவா என்ற செயற்கைக்கோள்கள் 1999இலும் 2002இலும் ஏறியவை. அவற்றுக்கு ஒரு கட்டம் ஒரு சதுர கிலோமீட்டர். 2011 முதல் ஏறிய அடுத்த தலைமுறைக்கு ஒரு கட்டம் 375 மீட்டருக்கு 375 மீட்டர், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். அந்த 35 ஏக்கரில் ஒரு மூலையில் மட்டும் எரிந்தாலும் கட்டத்தின் நடுவில் ஒரே புள்ளி. ஒரே கட்டத்தில் மூன்று இடத்தில் எரிந்தாலும் ஒரே புள்ளி. பெரிய தீ ஒன்று பத்துக் கட்டத்தில் பரவினால் பத்துப் புள்ளி. ஆகவே 200 புள்ளி என்றால் 200 தீ என்று கணக்குப் போடாதீர்கள். எரிந்த நிலம் எத்தனை ஏக்கர் என்றும் அதிலிருந்து சொல்ல முடியாது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். அன்றைக்குப் புள்ளி ஏன் குறைந்தது?

முதல் காரணம், மேகம். வெப்பக் கதிர் மேகத்தைத் துளைத்து வராது. நம் பக்கத்து மழைக்காட்டு நாடுகளில் மேகம் இல்லாத வானம் அபூர்வம். புகையே மிகவும் அடர்த்தியாகிவிட்டால் கணினி அதை மேகம் என்று எண்ணி ஒதுக்கிவிடுவதும் உண்டு. கேட்டால் சிரிப்பீர்கள், தீ பெருத்தால் புள்ளி குறையலாம்! சிங்கப்பூரில் உள்ள ஆசியான் சிறப்பு வானிலை மையம் 1993இல் இருந்து இந்த வட்டாரத்தைக் கவனித்து வருகிறது. மேகத்தால் சில புள்ளிகள் விடுபட்டிருக்கலாம் என்று அவர்களும் எழுதுகிறார்கள். அந்த வரியை நான் படிக்கவில்லை.

இரண்டாவது, நேரம். இந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலேயே நிற்பவை அல்ல. 375 மீட்டர்க் கட்டம் பார்ப்பவை மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும் கடந்து போகும். மாலை மூன்று மணிக்கு மூட்டி ஒன்பது மணிக்கு அணைந்த தீ அவற்றின் கண்ணில் படாது. ஜப்பானின் ஹிமாவரி ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை படம் எடுக்கிறது, உண்மைதான். ஆனால் அது 35,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. அதன் ஒரு கட்டம் 2 கிலோமீட்டருக்கும் மேல். பெரிய தீதான் அதற்குத் தெரியும்.

மூன்றாவது, மரமும் மண்ணும். மழைக்காட்டில் உயர்ந்த மரங்களின் இலைப் பந்தலுக்குக் கீழே சருகில் ஊர்ந்து போகும் தீ மேலே தெரிவது கடினம். அதைவிட மோசம் தானா கம்புட் என்கிறோமே, அந்தக் கரிமண் நிலம். செத்த மரமும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரில் ஊறி மட்காமல் கிடந்து உண்டான மண் அது. நனைந்திருக்கும் வரை தீப்பிடிக்காது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் மண்ணே விறகாகிவிடும். மத்திய களிமந்தானில் 1990களின் நடுவில் 1 மில்லியன் ஹெக்டர் நெல் திட்டம் என்று சொல்லி அப்படித்தான் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் வரவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்தது, தீ வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839 வரை போனது. 2015இல் இன்னொரு எல் நினோ. இந்தோனேசியாவில் 2.6 மில்லியன் ஹெக்டர் எரிந்தது. அந்நிய நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம், கோல லங்காட்டிலும் மிரியிலும் இதே மண் எரிந்திருக்கிறது.

கரிமண் தீ சுவாலை விட்டு எரிவதில்லை. அடுப்பில் ஈர விறகு வைத்தது போல மண்ணுக்குள்ளே வாரக்கணக்கில் கனன்று புகையும். சூடு குறைவு, அதுவும் மண்ணுக்கு அடியில். ஆகவே மேலே இருந்து பார்த்தால் புள்ளி இல்லை. புகையோ நன்றாக எரியும் தீயைவிட அதிகம். ஒரு மழை பெய்து மேல்மண் நனைந்தாலும் அடியில் அணையாது. தென்மேற்குக் காற்று அந்தப் புகையைக் கடல் தாண்டி நம் லயத்துக் கதவு வரை கொண்டுவருகிறது.

அதற்காகப் படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிட்டப் போக முடியாத காட்டில் தீ எங்கே தொடங்கியது என்று சில மணி நேரத்தில் காட்டுவது அதுதான். தீயணைப்புக்காரர்களை எங்கே அனுப்புவது, எந்த நிலத்துக்காரரைக் கேள்வி கேட்பது என்பதற்கெல்லாம் உதவுகிறது. நெஞ்சுக்குள் போகும் காற்றைப் பற்றித்தான் அது ஒன்றும் சொல்லாது.

அதற்குப் பார்க்க வேண்டியது சுற்றுச்சூழல் துறை வெளியிடும் ஐ.பி.யு. எண். 50 வரை நல்ல காற்று. 100 வரை மிதம். 101இல் இருந்து உடலுக்குக் கெடுதல், 201இல் இருந்து மிகக் கெடுதல், 300ஐத் தாண்டினால் ஆபத்து. உங்கள் தோட்டத்துக்கு மிக அருகில் உள்ள நிலையத்தின் எண்ணைப் பாருங்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நுண்துகளை வைத்துச் சொல்லும் அந்த எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. மதியம் திடீரென்று புகை கவிந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். தூரத்து நீர்த்தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை, தொண்டை கரகரக்கிறது என்றால் எண் 90 என்று போட்டிருந்தாலும் உங்கள் கண்ணையும் தொண்டையையும் நம்புங்கள்.

புகையில் கெடுதல் செய்வது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. கைக்குட்டையும் துணி முகமூடியும் அதைத் தடுக்காது. என்95 முகமூடி தடுக்கும், மூக்கை ஒட்டி இறுக்கமாகப் போட்டால். குலை அறுக்கிறவருக்கு அது வியர்வையில் நனைந்து மூச்சு முட்டும், எனக்குத் தெரியும். அதனால்தான் எண் ஏறும் நாளில் முகமூடியை மட்டும் கொடுத்துவிட்டு முழு நாள் வேலை வாங்குவது போதாது என்கிறேன். "நேத்து வெப்பப் புள்ளி கொறஞ்சு போச்சு, எல்லாரும் வேலைக்கு வாங்க" என்று மண்டோர் சொன்னால், "ஐ.பி.யு. எவ்வளவுண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்து சொன்னால் இலகுவான வேலைக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன். கூலி போய்விடுமே என்று நோயை மறைத்துக்கொண்டு வயலுக்குப் போகாதீர்கள். அப்படிப் போன இருவரை நான் ஆம்புலன்சில் ஏற்றியிருக்கிறேன்.

பேச வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், குழந்தைக்கு விலா உள்ளே இழுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடு ராத்திரியானாலும் கதவைத் தட்டுங்கள். புகைமூட்ட நாள்களில் லயத்துக்குப் பின்னால் குப்பை கொளுத்துவதையும் நிறுத்துங்கள். 375 மீட்டர்க் கட்டத்தில் அது தெரியாமல் போகலாம், அடுத்த வீட்டுப் பாட்டிக்குத் தெரியும்.

எங்கள் கிளினிக் வாசலில் இப்போது ஒரு கரும்பலகை இருக்கிறது. புகை நாள்களில் காலை பெரட்டுக்கு முன்பு ஐ.பி.யு. எண்ணை அதில் எழுதிவிடுவேன். அந்தப் பையன் இப்போது பெரிய பள்ளிக்கூடப் பிள்ளை. போகிற வழியில் நின்று எண்ணைப் படித்து, 100ஐத் தாண்டியிருந்தால் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான்.