ராத்திரிப் பாலும் பகல் கணக்கும்

எட்டு மாதக் குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாலுக்கு அழுதால், ஆளுக்கொரு யோசனை வரும். "உனக்குப் பால் பத்தலை, புட்டிப்பால் போடு" என்பார் மாமியார். "வேப்பிலையை அரைச்சுப் பூசு, ரெண்டே நாள்ல மறந்துடும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. கைபேசியில் வரும் காணொளியோ, அழட்டும் விடுங்கள், தானே தூங்கிவிடும் என்கிறது. மூவருமே ராத்திரி இரண்டு மணியை மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தை காலை முதல் சாயங்காலம் வரை என்ன குடித்தது, என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரிப் பாலை நிறுத்தலாமா, நிறுத்தினால் எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பகல் கணக்கில்தான் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பக்கம் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர் போனது. மானாவாரி நிலமே அதிகம் என்பதால் மழை பெய்த கையோடு வேலை வந்து நிற்கும், தள்ளிப்போட முடியாது. களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் வெங்காயத் தாள் அரிவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காலையில் காட்டுக்குப் போகும் தாய் பிற்பகலில்தான் திரும்புவாள். அதுவரை கைக்குழந்தை பாட்டியின் மடியிலும் தூளியிலும் கிடக்கும். பகலில் கிடைக்காத பாலைக் குழந்தை ராத்திரியில் குடித்துச் சரிக்கட்டிக்கொள்கிறது. தாய் வேலைக்குப் போகும் வீடுகளில் இது சாதாரணமாக நடப்பதுதான். பேறுகாலச் சலுகைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு 26 வார விடுப்பு வந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. ஆனால் தினக்கூலிக்குக் களை எடுக்கும் பெண்ணுக்கு விடுப்பு தர முதலாளி என்று ஒருவர் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் தொகை பிரசவ காலச் செலவுக்கு உதவும். மாதக்கணக்கில் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்க அது காணாது. இந்த வீடுகளில் ராத்திரிப் பாலை வெறும் பழக்கம் என்று சொல்லி நிறுத்தினால், குழந்தையின் அன்றாடப் பங்கில் ஒரு பகுதியை வெட்டியதாகிவிடும்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதற்கு அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 71 தாய்மார்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. ஒன்று முதல் ஆறு மாதம் வரையான, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளை ஒவ்வொரு முறையும் பால் குடிக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். சராசரியாக நாளுக்கு 11 முறை குடித்தன. இரவு பத்து மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் இடையில் குடித்த குழந்தைகள் 64 சதவீதம்; நாள் முழுக்கக் குடித்த பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரவில் குடித்தது. தாய் பக்கத்திலேயே இருக்கும் குழந்தைக்கே இப்படி என்றால், பகலில் தாயைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு இரவின் பங்கு கூடுமே தவிரக் குறையாது. பால் சுரக்க உதவும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் இரவில்தான் அதிகம். ஆகவே ஆறு மாதம் முடியும்வரை ராத்திரிப் பாலை நிறுத்தும் பேச்சே வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ இருந்து இப்போதுதான் தேறிவரும் குழந்தை ஆகியோருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் அவசரம் கூடாது. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் எடை மாதாமாதம் ஏறுகிறதா என்று அங்கன்வாடியில் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தை விழிப்பது வேறு, பசித்துக் குடிப்பது வேறு. பிரிட்டனில் ஸ்வான்சீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் தாய்மார்கள் 715 பேரிடம் கேட்டுத் தொகுத்த முடிவு 2015இல் வெளியானது. நூற்றில் 78 குழந்தைகளுக்கு மேல் இரவில் ஒரு முறையாவது விழித்தன. 61 குழந்தைகள் பால் குடித்தன. தாய்ப்பால் குடிப்பவைக்கும் புட்டிப்பால் குடிப்பவைக்கும் இதில் வித்தியாசம் இல்லை. பகலில் பாலோ திட உணவோ கூடுதலாக எடுத்த குழந்தைகள் இரவில் குறைவாகக் குடித்தன. ஆனால் விழிப்பது மட்டும் குறையவில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2018இல் வந்த ஆய்வோ, ஆறு மாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 38 தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்குவதில்லை என்று காட்டியது. அதனால் அந்தக் குழந்தைகளின் மன வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ குறை எதுவும் தெரியவில்லை. ஆக, பகல் சாப்பாட்டைத் திருத்தினால் ராத்திரிப் பாலைக் குறைக்க முடியும். ராத்திரி விழிப்பே இருக்கக் கூடாது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பகல் சாப்பாட்டில் என்ன குறை? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, தாய்ப்பாலுக்கு மேல் 6 முதல் 8 மாதத்தில் நாளுக்குச் சுமார் 200 கலோரியும், 9 முதல் 11 மாதத்தில் 300 கலோரியும், ஒரு வயதுக்கு மேல் 550 கலோரியும் உணவிலிருந்து வர வேண்டும். நம் வீடுகளில் குழந்தைக்குக் கொடுப்பது பெரும்பாலும் நீர்த்த கஞ்சி, ரசம் சாதத்தின் தெளிவு, பாலில் நனைத்த பிஸ்கட். குழந்தையின் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும், கலோரி சேராது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத்தான் போதுமான உணவு கிடைக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. உணவின் பதத்தைப் பார்க்க எளிய வழி உண்டு: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும். குழைத்த சோற்றில் பருப்பு, கீரை, ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ. பிறகு மசித்த முட்டை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கெட்டியாகக் கிளறிக் கொடுக்கலாம். அந்தப் பொட்டலம் குழந்தையின் பங்கு, வீட்டில் எல்லோரும் பிரித்துக்கொள்ள வந்ததல்ல. தாய் காட்டுக்குக் கிளம்பும் முன்னும், திரும்பிய உடனும், விளக்கு வைத்த பிறகும் நிதானமாகப் பால் கொடுக்கலாம். பீய்ச்சி வைத்த தாய்ப்பால், அதிக வெக்கை இல்லாத இடத்தில் நான்கு மணி நேரம்வரை கெடாது. கோடையில் அதற்கு முன்பே பாலாடையில் புகட்டிவிட வேண்டும்.

பகல் சரியாகி, எடையும் ஏறத் தொடங்கிய பிறகு ராத்திரியைத் தொடலாம். எல்லாப் பாலையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஏதாவது ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு முறை அந்த வேளைப் பாலின் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரும். குழந்தை சிணுங்கியதும் தாய் எழாமல், அப்பாவோ பாட்டியோ தட்டிக்கொடுக்கலாம், தூளியை ஆட்டலாம். பால் வாசம் பக்கத்தில் இல்லாதபோது குழந்தை எளிதில் சமாதானமாகும். பல் முளைக்கும் நாட்களிலும் உடம்பு சரியில்லாதபோதும் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு தொடரலாம்.

வேப்பிலை பூசினால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கசப்பு, குழந்தையைப் பாலிலிருந்தே விரட்டிவிடும். ராத்திரிப் பால் மட்டும் போகாது, பகல் பாலும் சேர்ந்து போகும். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் நல்லது எனும்போது எட்டு மாதக் குழந்தைக்கு இது பெரிய இழப்பு. வேப்பெண்ணெய் என்றால் ஆபத்தே உண்டு. அது வயிற்றுக்குள் போய்க் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு கண்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. புட்டிப்பால் போடு என்ற யோசனைக்குப் பதில் மேலே சொன்ன ஸ்வான்சீ ஆய்விலேயே இருக்கிறது. சீக்கிரமே கஞ்சி ஊட்டினால் நன்றாகத் தூங்கும் என்ற நம்பிக்கையில் உண்மை கொஞ்சம் உண்டு. பிரிட்டனில் 1,303 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதத்திலிருந்தே திட உணவு பெற்றவை ஆறாவது மாதத்தில் இரவுக்குச் சுமார் 17 நிமிடம் கூடுதலாகத் தூங்கின. அந்தப் பதினேழு நிமிடத்துக்காக ஆறு மாதத் தாய்ப்பாலைக் குறைப்பது லாபமான வியாபாரம் அல்ல. அழவிடும் முறையைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: மெல்பர்னில் ஏழு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அளவோடு அழவிட்டுப் பழக்கிய சோதனையில், ஆறு வயது வரை தொடர்ந்து பார்த்தும் கெடுதல் தெரியவில்லை. ஆனால் பகலில் போதுமான அளவு சாப்பிடும் குழந்தைக்குத்தான் அதை யோசிக்கலாம். பகல் கணக்கே குறையும் குழந்தையை அழவிட்டால், பசியைத்தான் அழவிடுகிறோம்.

இன்னொரு கேள்வி இதற்கு எதிர்ப்பக்கமிருந்து வரும்: பால் இருக்கிறவரை குடிக்கட்டுமே, ஏன் நிறுத்த வேண்டும்? நியாயம்தான். தாய்க்குச் சிரமம் இல்லை என்றால், நிறுத்தியே ஆக வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் ரத்தசோகையோடு பகல் முழுக்கக் குனிந்து களை எடுக்கும் பெண்ணுக்கு ஒரு முறை குறைவாக எழுவதும் பெரிய ஆறுதல். ஒரு வயதுக்கு மேல் இரவு முழுக்கப் பால் வாயோடு தூங்கினால் பல் சொத்தையாகும் வாய்ப்பும் கூடுகிறது. சர்க்கரை கலந்த புட்டிப்பால் அதைவிட மோசம். ராத்திரிப் பாலை நம்பிக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள், மாதவிலக்கு திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் தாய் கருத்தரிக்காமல் இருக்க 98 சதவீத வாய்ப்பு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் முடிவுசெய்தார்கள். அந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, இதைத் தாயின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்துக்குப் பெண்களோடு ஐந்தோ அதற்கு மேலோ சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று எழுதிவைத்தது. களை எடுக்கும் காட்டில் அப்படி ஒரு விதியே இல்லை. பருத்தி எடுக்கும் காலத்திலாவது ஊருக்கு ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தால், தாய் மதியம் வந்து ஒரு முறை பால் கொடுத்துவிட்டுப் போக முடியும். அந்த ஒரு வேளைப் பால் ராத்திரிப் பாலைத் தானாகவே குறைக்கும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடம் இதைக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை, ராத்திரிப் பாலை நிறுத்த நினைக்கும் ஒவ்வொரு வீடும் முதலில் குழந்தையை அங்கன்வாடித் தராசில் வைத்துப் பார்க்கட்டும்.