மாடிக்குப் போன பிள்ளைங்க

அசைன்மெண்டை ஓரங்கட்டிட்டு பழைய அமெரிக்க சீரியல் பார்க்கறது நமக்குப் புதுசா என்ன?

'ஹேப்பி டேஸ்' (1974-84) ஆரம்பத்துல கன்னிங்ஹாம் வீட்டுல மூணு பிள்ளைங்க. மூத்தவன் சக். கையில கூடைப்பந்தோட வருவான், போவான். ரெண்டு சீசன், ரெண்டு நடிகர்கள், அப்புறம் ஆளையே காணோம்! ஃபான்ஸி ஹிட் ஆனதும் அண்ணன் ஸ்தானம் அவருக்குப் போயிடுச்சு. கடைசி எபிசோட்ல அப்பா, "ரெண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு"ங்கற மாதிரி பேசி நெகிழறார். அப்போ சக்? இப்படிக் காணாமப் போறதுக்கே 'சக் கன்னிங்ஹாம் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சுட்டாங்க.

'ஃபேமிலி மேட்டர்ஸ்'லயும் (1989-98) இதே கதைதான். ஒரு எபிசோடுக்கு வந்த பக்கத்து வீட்டு ஸ்டீவ் அர்கல் ஹீரோ ஆயிட்டான். வீட்டுக் கடைக்குட்டி ஜூடி 1993-க்கு அப்புறம் இல்லவே இல்லை.

அரை மணி நேர சீரியல்ல எல்லாருக்கும் இடம் இருக்காது, சரி. ஆனா "வெளியூர்ல இருக்கான்"னு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாமே?

ஊர்ல என் ரூம்ல இப்போ தையல் மெஷின் இருக்காம். போன்ல மெதுவா கேட்டேன், "யாராவது விசாரிச்சா என்னம்மா சொல்வீங்க?"

"எனக்கு ரெண்டு பசங்க, பெரியவன் வெளிநாட்டுல படிக்கிறான்னு சொல்வேன். ஏன்டா?"

ஒண்ணுமில்லம்மா :)