இறக்குமதி விதிகள்: ஏற்றுமதியாளருக்குத் தடையா, வாய்ப்பா?

தேயிலை, கறுவா, மிளகு, தெங்கு உற்பத்திகள், மீன் முதலியவற்றை இலங்கை ஏற்றுமதி செய்கின்றது. இப்பொருள்கள் வாங்கும் நாட்டின் இறக்குமதி விதிகளுக்கு அமைய இருத்தல் வேண்டும். “விதிகள் வர்த்தகத்திற்குத் தடையாகும்” என்று மட்டும் எழுதும் மாணவர் பாதி விடையையே எழுதுகின்றார். அதே விதிகள் சந்தை வாய்ப்பையும் தருகின்றன.

1. இறக்குமதி விதிகளின் வகைகள்

அ) தீர்வை: இறக்குமதிப் பொருள் மீது அறவிடப்படும் வரி. சில நாடுகளுக்குத் தீர்வைச் சலுகை வழங்கப்படும்.
ஆ) உணவுப் பாதுகாப்பு விதிகள்: பீடைநாசினி எச்சம், நுண்ணங்கிகள், இரசாயனப் பதார்த்தங்கள் ஆகியவற்றிற்கு உச்ச அளவு விதித்தல்.
இ) தாவரச் சுகாதார விதிகள்: பீடைகளும் நோய்களும் நாட்டினுள் நுழைவதைத் தடுத்தல். இதற்கான சான்றிதழை இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை வழங்குகின்றது.
ஈ) ஆவணங்களும் லேபிளும்: பொருள் எங்கு, எவ்வாறு பெறப்பட்டது என்பதை நிரூபித்தல்.

நாடுகள் தாம் விரும்பியவாறு விதிகளை ஆக்க முடியாது. 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையின்படி, சுகாதார விதிகள் விஞ்ஞான அடிப்படையில் அமைதல் வேண்டும். நாடுகளிடையே நியாயமின்றிப் பாகுபாடு காட்டுதலும் ஆகாது.

2. விதி தடையான சந்தர்ப்பங்கள்

தேயிலை: 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட தேயிலைத் தொகுதி ஒன்றில் கப்ரா வண்டு காணப்பட்டது. இது களஞ்சியத் தானியங்களை அழிக்கும் பீடையாகும். ஒரு தொகுதியிலேயே வண்டு காணப்பட்டபோதும், இலங்கைத் தேயிலை முழுவதற்கும் ரஷ்யா தற்காலிகத் தடை விதித்தது. பேச்சுவார்த்தையின் பின் அம்மாத இறுதியில் தடை நீங்கியது.

மீன்: இலங்கை மீன்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் விதித்த தடைக்குக் காரணம் மீனின் தரமன்று. ஆழ்கடற் படகுகள் சட்டவிரோதமாக மீன் பிடிப்பதை இலங்கை போதியளவு கட்டுப்படுத்தவில்லை என்பதே காரணமாகும். 2012 இலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தடையினால், விதியை மீறாத மீனவரும் சந்தையை இழந்தனர். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன, ஆழ்கடற் படகுகளுக்குச் செய்மதி மூலம் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 இல் தடை நீக்கப்பட்டது.

இவ்விரு உதாரணங்களிலிருந்தும் விளங்குவது: ஒருவரின் கவனக்குறைவினால் நாட்டின் ஏற்றுமதியாளர் அனைவரும் பாதிக்கப்படலாம்.

3. விதி வாய்ப்பான சந்தர்ப்பம்

உலகச் சந்தையில் இலங்கைக் கறுவாவுடன் போட்டியிடுவது விலை குறைந்த கசியா ஆகும். கசியாவில் கூமரின் எனும் பதார்த்தம் அதிகம் உண்டு. அளவு மிஞ்சினால் அது ஈரலைப் பாதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கேக் போன்ற பொருள்களில் கூமரினின் உச்ச அளவை கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் எனவும், கறுவா சேர்த்த பாரம்பரிய, பண்டிகைக்கால வகைகளில் 50 மில்லிகிராம் எனவும் நிர்ணயித்தது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. எனவே கசியாவுக்கு இடையூறான விதி, எமது கறுவாவுக்குச் சாதகமாயிற்று.

மேலும், 2022 பெப்ரவரியில் “சிலோன் சினமன்” என்னும் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியற் குறியீடாகப் பதிவு செய்யப்பட்டது. இத்தகைய பாதுகாப்பைப் பெற்ற முதலாவது இலங்கை உற்பத்தி இதுவாகும். வேறு நாட்டுக் கறுவாவை அப்பெயரில் அங்கு விற்க முடியாது.

4. ஏற்றுமதியாளர் செய்ய வேண்டியவை

• பொருளை அனுப்பு முன் வாங்கும் நாட்டின் விதிகளை அறிதல். இதற்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் உதவியைப் பெறலாம்.
• அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்திற் பரிசோதித்தல்.
• களஞ்சியம், கொள்கலன் ஆகியவற்றைத் துப்புரவாக வைத்திருத்தல்.
• தோட்டம் அல்லது படகிலிருந்து துறைமுகம் வரை பதிவேடுகளைப் பேணுதல்.

நினைவிற் கொள்க: விதி எல்லோருக்கும் ஒன்றே. ஆயத்தமில்லாதவருக்கு அது தடை. ஆயத்தமானவருக்கு அது வாய்ப்பு.

மாதிரி வினா

(i) இறக்குமதி விதிகளின் வகைகள் இரண்டைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)
(ii) இலங்கை மீன் மீதான தடை நீங்குவதற்கு எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் இரண்டைத் தருக. (4 புள்ளிகள்)
(iii) “இறக்குமதி விதி சந்தை வாய்ப்பையும் உருவாக்கும்.” கறுவாவை உதாரணமாகக் கொண்டு விளக்குக. (4 புள்ளிகள்)

குறிப்பு: (iii) இற்கு, கூமரின் பற்றிய விதியை மட்டும் எழுதாது, அவ்விதி கசியாவையும் இலங்கைக் கறுவாவையும் வேறுவிதமாகப் பாதிப்பது ஏன் என்பதையும் எழுதுக.