தண்ணீர் குடித்ததும் விலா வலிக்கிறதா?

மாமல்லபுரத்தில் வெயிலில் உளி பிடிப்பவர்களும் கொக்கிலமேட்டில் படகேறுபவர்களும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். அப்படிக் குடித்த கொஞ்ச நேரத்தில் ஒரு பக்க விலாவுக்குக் கீழே வலி கிளம்பி, வாந்தியும் எடுத்து, சில மணி நேரத்தில் தானாக அடங்குகிறதா? வாயுப்பிடிப்பு என்று கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள்.

சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர் புனல் போன்ற பையில் சேர்ந்து, சுமார் 25 செ.மீ. நீளக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. புனலும் குழாயும் சேரும் இடம் சிலருக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். சிலருக்கு ஒரு ரத்தக்குழாய் அதன் குறுக்கே கிடந்து அழுத்தும். கொஞ்சமாக வரும் நீர் எப்படியோ இறங்கிவிடும். திடீரென்று பெருகினால் தேங்கிப் பை வீங்கும், வலிக்கும். வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வீங்கிச் சிறுநீரகம் மெலிந்துபோவதும் உண்டு. என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

ஸ்கேனில் வீக்கம் தெரிந்தாலே அடைப்பு என்று அர்த்தமில்லை. கருவிலேயே தெரியும் வீக்கம் பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. நீர் பிரியும் மருந்து கொடுத்து எடுக்கும் ரீனோகிராம் என்ற பரிசோதனைதான் நீர் எவ்வளவு வேகத்தில் வடிகிறது, அந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும்.

அடைப்பை நீக்கும் அறுவைக்கு, பிரிட்டனின் மருத்துவர்கள் ஆண்டர்சனும் ஹைன்ஸும் 1949இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை: குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, குழாயின் வாயை அகலப்படுத்திப் பையோடு சேர்த்துத் தைப்பது. அன்று அதற்கு விலாவோரம் நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தது. 1993இல் லேப்ராஸ்கோப்பில் செய்த அறுவைகள் பதிவாயின. மூன்று நான்கு சிறு துளைகள், வயிற்றுக்குள் கரியமில வாயு, ஒரு கேமரா. டாக்டர் பெருங்குடலை ஒதுக்கி, குறுக்கே ரத்தக்குழாய் இருந்தால் அதை வெட்டாமல், குழாயை அதற்கு முன்புறம் கொண்டுவந்து தைக்கிறார். திரையைப் பார்த்துக்கொண்டே நீண்ட கருவிகளால் போடும் அந்த நுண்ணிய தையல்தான் இதில் கடினமான வேலை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. வலியும் தழும்பும் குறைவு; கடலுக்கும் பட்டறைக்கும் சீக்கிரம் திரும்பலாம்.

தையல் ஆறும்வரை உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் இருக்கும். பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் எடுக்க வேண்டும். வலி போய்விட்டதே என்று மறந்தால் அதில் உப்பு படிந்து கல்லாகி, இன்னொரு அறுவைக்கு இழுத்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.