ரேடியோ நெல்

காடாம்புலியூரில் முந்திரி பூவெடுக்கும் நேரம். எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று வானொலியில் நிபுணர் சொல்லிவிட்டார். உடனே தெளிப்பானைத் தூக்கிவிடுவார்களா? பக்கத்துத் தோப்புக்காரர் டீக்கடையில், "நான் அடிச்சேன், பூ நிக்குது" என்று சொன்னால்தான் கை துணியும்.

இதழியல் மாணவர்கள் இதைத்தான் 'இருபடி ஓட்டக் கோட்பாடு' என்று படிக்கிறார்கள்.

ஊடகச் செய்தி தோட்டா போல எல்லார் மனசிலும் நேரே பாயும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டார வாக்காளர்களிடம் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். பத்திரிகையும் வானொலியும் நேரடியாக மனம் மாற்றியவர்கள் குறைவு. அவற்றைக் கவனித்துவிட்டு வந்து பேசிய தெரிந்த மனிதர்களுக்கே செல்வாக்கு அதிகம். அவர்களுக்குக் 'கருத்துத் தலைவர்கள்' என்று பெயர். பெரிய பதவி ஏதும் வேண்டாம். நாலு பேர் காது கொடுத்தால் போதும்.

நம் ஊர்க் கதை இன்னும் சுவையானது. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி வானொலி ஓயாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. பெயர் என்னவோ ரேடியோவுக்குப் போய்விட்டது. வரப்பில் நின்று அடுத்தவர் வயலைப் பார்த்த கண்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது நம் கட்சி.

மாணவர்களே, தேர்வில் ஈரியோடு நிறுத்திவிடாமல், ஆடுதுறையையும் ஒரு வரி எழுதுங்கள்.