மாற்றான் விருந்தினர்க்கு வரிசை

நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் புகுந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் எனக் கருதிக் கொல்ல முற்பட்டான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் இடைநின்று பாடி அவரைக் காத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. மாற்றானிடம் சிறப்புப் பெற்றவர் நம் வாயிலுக்கு வந்தால் அவரை எவ்வாறு ஏற்பது? அன்று வேந்தர் முன் நின்ற இவ்வினா, இன்று விமான நிறுவனங்களின் முன் நிற்கிறது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய பயணப் புள்ளித் திட்டத்தைப் பின்பற்றி ஏனைய நிறுவனங்களும் இத்தகைய திட்டங்களை வகுத்தன. அடிக்கடி பறப்பவரை வெள்ளி, பொன், பிளாட்டினம் எனப் படிநிலைகளில் வைத்து, ஓய்வறை, வரிசையில் முன்னுரிமை, கூடுதல் சுமை ஆகியவற்றை வழங்குகின்றன. நம் தல்லாகுளம் வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்து, குடும்பத்தாருக்குப் பொருள்களோடு திரும்புவோர்க்கு இவற்றுள் சுமைச் சலுகையே பெரும்பயன் தருவது.

பிற நிறுவனத்தின் சிறப்பு உறுப்பினரை ஏற்கும் முறைகள் மூன்று எனலாம்.

முதலாவது, கூட்டணி வழி வருவது. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸிலும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு மே மாதத்தில் ஒன்வேர்ல்டிலும் இணைந்தன. ஒரு கூட்டணியில் பெற்ற உயர்நிலையை அதன் உறுப்பு நிறுவனங்கள் அனைத்தும் மதிக்கும். இது உடன்படிக்கையால் வரும் உரிமை. எமிரேட்ஸ் எக்கூட்டணியிலும் சேராதது. ஆதலின் அதன் பொன் அட்டைக்கு ஸ்டார் அலையன்ஸ் உரிமைகள் கிட்டா.

இரண்டாவது, போட்டியாளர் தாமே அழைப்பது. மாற்று நிறுவனத்தின் அட்டையையும் பயணக் கணக்கையும் காட்டினால், இணையான படிநிலையைச் சில திங்கள்களுக்கு வழங்குவர். அக்காலத்துக்குள் குறிப்பிட்ட அளவு பறந்தால்தான் அது நீடிக்கும் எனப் பல நிறுவனங்கள் நிபந்தனை விதிக்கும். பழைய புள்ளிகள் உடன் வாரா. இவ்வாய்ப்பும் பெரும்பாலும் ஒருமுறையே கிட்டும். ஓய்வறையில் ஓர் இருக்கை தருவதற்கு ஆகும் செலவு சிறிது. அடிக்கடி பறப்பவரால் வரும் ஊதியமோ பெரிது. ஆகவே, கடந்த பயணங்களுக்கு அளிக்கும் பரிசாகத் தோன்றினும், இது வரும் பயணங்களுக்குத் தரும் முன்பணமே.

மூன்றாவது, இணைப்பினால் நேர்வது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் உறுப்பினரின் புள்ளிகளும் படிநிலைகளும் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. மாறாக, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அதன் உயர்நிலை உறுப்பினர்க்கு முன்னுரிமை தர அந்நிறுவனத்தின் விமானமே இல்லாமற்போயிற்று.

எனவே, ஒரு நிறுவனம் நம்மை வரவேற்கும்போது அவ்வரிசை உடன்படிக்கையால் வருவதா, ஓர் அழைப்பால் வருவதா என முதலில் ஆராய்தல் வேண்டும். முன்னதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடலாம். பின்னதாயின், எத்தனை திங்கள் நிலைக்கும், எத்தனை முறை பறக்க வேண்டும் என்பவற்றை எழுத்து வடிவில் அறிந்த பின்னரே ஏற்றல் நன்று. அட்டையைக் காப்பதற்காகத் தேவையற்ற பயணம் மேற்கொள்வோமாயின், பரிசில் பெறுபவர் நாமல்லோம், கொடுப்பவராகிவிடுவோம்.